முள்விதைப் பால்

அந்தியோகோ காய்ச்சும் பாலை முதல் மடக்கிலேயே நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் ஊரில் ஒருவர் கிடையாது. ஊற வைத்த பாதாமை அரைத்துப் பிழிந்து, வயல் வரப்புகளில் ஊதாப்பூ பூத்து நிற்கும் கார்து முள்செடியின் விதையை வறுத்துப் பொடித்துப் போட்டு, இனிப்புக்கென்று கரோப் காயை இடித்த மாவையும் கலந்து கொதிக்க விடுவான். அந்த இனிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று தெரியாது. நாக்கில் மிஞ்சுவதெல்லாம் கசப்பும் மண்வாடையும்தான். அவன் மனைவி விதாலியா தினமும் காலையில் அதில் ஒரு பெரிய கோப்பை குடித்தாள். அவன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பான், அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

"எப்படி இருக்கு?"

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவல."

"நேத்தும் இதையேதான சொன்ன."

"இப்படியே போனா அடுத்த வருஷம் குடிக்கிற மாதிரி ஆயிடும்."

அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக அவள் அந்தக் கசப்பை வாளி வாளியாகக் குடிக்கத் தயாராக இருந்தாள். குடித்துவிட்டு, பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போய், மத்தியானம் பிள்ளைகளுக்குப் பரிமாறி முடித்த கையோடு, தன் அலமாரியைத் திறந்து, அழுக்கு ஏப்ரனுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து விழுங்கினாள். புருஷனுக்குத் தெரியாமல் வேறு பெண்கள் என்னென்னவோ செய்வார்கள். விதாலியா உயிர் பிழைத்தாள்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தலசீமியா. சார்டினியாத் தீவின் சமவெளி ஊர்களில் அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, தெருவுக்கொரு வீட்டில் அது குடியிருந்தது. உடம்பு உருப்படியான ரத்தத்தை உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கல்யாரி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதுதான் வாழ வைக்கிறது, கொல்லப் பார்ப்பதும் அதுதான். ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்தோடும் இரும்பு உள்ளே வருகிறது. வந்த இரும்பை வெளியே அனுப்ப உடம்புக்கு வழி தெரியாது. ஈரலில், இதயத்தில் என்று இடம் கண்ட இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மாத்திரை போட்டால்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

பக்கத்து வீட்டில் நோய் இருந்தும் ஊருக்கு இந்தக் கணக்கு மட்டும் கடைசி வரை விளங்கவில்லை. வெளிறிய பெண்ணைக் கண்டால் குதிரைக்கறி கொடு, இதுதான் அவர்கள் வைத்தியம். கல்யாணமான புதிதில் மாமியார் சனிக்கிழமை தவறாமல் குதிரைக்கறி வாங்கி வந்து வாட்டி வைத்து, தின்னு தின்னு, இரும்பு ஏறும் என்று பக்கத்திலேயே நிற்பாள். "எனக்குள்ள இருக்கிறதை எடுத்தாலே உங்க தொழுவத்துக்கு ஒரு இரும்புக் கேட்டே அடிச்சுடலாம் அத்தை" என்று விதாலியா சொன்னதில் அந்த அம்மாள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தொழுவம் நிறைய ஆடுகள் இருந்த காலம் அது. அந்தியோகோவுக்கு ஆடுதான் வேலை, ஆடுதான் பேச்சு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீலநாக்கு நோய் வந்தது. ஒரு சின்னக் கொசு கடித்து, நாக்கு வீங்கி நீலம் பாரித்து, நின்ற இடத்திலேயே மந்தை மந்தையாகச் சரிந்தன. மந்தையை இழந்தவனுக்கு ஊரார் ஆளுக்கொரு ஆடு கொடுத்து எழுப்பி விடுவது அங்கே வழக்கம். அந்த முறை கொடுப்பதற்கு யாரிடமும் மிச்சமில்லை. குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்துவிட்டு வந்த அந்தியோகோ, அடுப்பங்கரையில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். குளிர்காலம் முழுக்க அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான். படு என்றால் படுத்தான். கட்டிய மனைவியைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

அவனை எழுப்பிவிட்டது விதாலியாவின் வயிற்றுப்புண்தான். வசந்தத்தில் ஒருநாள் மாத்திரை வயிற்றை அரித்து, அவள் ரத்தமாக வாந்தி எடுத்து, சமையலறைத் தரையில் அவன் காலடியிலேயே விழுந்தாள். அப்போதுதான் சுவரிலிருந்து கண்ணைத் திருப்பினான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே மாத்திரைப் பெட்டியைக் குப்பையில் வீசினான். இனிமேல் இந்த விஷம் என் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றான். அந்த முள்செடி ஈரலுக்கு நல்லது, இரும்பைக் கட்டுப்படுத்தும் என்று மருந்துக்கடைக்காரர் போகிற போக்கில் சொன்னது போதுமாக இருந்தது. ஆனி ஆடி வெயிலில் கையெல்லாம் கிழிய விதை சேர்த்தான். புளிப்பு இரும்பை உடம்புக்குள் இழுக்கும் என்று எங்கோ கேட்டுவிட்டு, முற்றத்தில் இருந்த எலுமிச்சை மரத்தையே வெட்டிச் சாய்த்தான். காலையில் எழுந்தான், சவரம் செய்தான், பாட்டுக்கூட முணுமுணுத்தான். விதாலியா வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே அழுதிருக்கிறாள்.

பால் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரும்பு பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கோடை முடிவில் டாக்டர் மெலிஸ் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுகிற பெண்மணி அவர்.

"பாலைக் குடி. நான் தடுக்கலை. ஈரலுக்கு ஏதோ கொஞ்சம் ஒத்தாசை பண்ணலாம், பண்ணாமலும் போகலாம். ஆனா மாத்திரைக்குப் பதிலா அது ஆகாது. இது வேற மாத்திரை, வயித்தை இந்தப் பாடு படுத்தாது. உன் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நானே சொல்லிக்கிறேன்."

ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். நினைத்தது உண்மைதான். அதற்குள் குளிர்காலத் தொடக்கத்துப் பரிசோதனையில் இரும்பு அளவு சரசரவென்று இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றும் அறையில் நர்ஸ் அசுந்தா அதை வாசித்தபோது அந்தியோகோ அங்கேயே தேம்பித் தேம்பி அழுதான். அத்தனை ஆடுகளைப் புதைத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன். விதாலியா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வாய் வரை வந்ததை மென்று விழுங்கினாள். அன்றைக்கு விழுங்கியது அதோடு நிற்கும் என்றுதான் நினைத்தாள்.

அவன் நிற்கவில்லை. அடுத்த முறையே ஒரு மரப்பெட்டி நிறையப் புட்டிகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான்.

அந்த அறையில் ஜன்னலோரமாக ஆறு சாய்வு நாற்காலிகள். ஒரே நாளில் ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்கள் வருடக்கணக்காக அதே ஆட்கள்தான். கூடப் பிறந்தவர்களைவிட அதிகமாக ஒருவரையொருவர் பார்த்தவர்கள். ரைமொந்தோதான் எல்லாருக்கும் மூத்தவர், ஐம்பதைத் தாண்டியவர், இந்த நோயை வைத்துக்கொண்டு ஐம்பதைத் தாண்டியதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தீவில் கொடுக்கிற ரத்தம் தீவுக்குப் போதாது, இத்தாலிக் கரையிலிருந்து கப்பலேறி வரும். அதை வைத்து அவர் அடிக்காத கூத்து கிடையாது.

"இன்னைக்கு எனக்கு ஏறுறது கஞ்சப்பய ஜெனோவாக்காரன் ரத்தம் போல, அசுந்தா. காப்பிக்குக் காசு எடுக்கப் போனா கை பைக்குள்ளேயே நின்னுடுது."

"போன தடவை யாரு ரத்தமாம்? அப்பவும் நான்தான வாங்கிக் குடுத்தேன்."

"அது என் சொந்தக் குணம்மா."

இந்தக் கூட்டத்துக்குள் அந்தியோகோ ஒவ்வொருவர் மடியிலும் ஒரு புட்டியை வைத்தான். அன்போடு கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது அந்த ஊர்ப்பக்கம் செருப்பால் அடிப்பதற்குச் சமம். வாங்கிக்கொண்டார்கள். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவதும் வழக்கமில்லை. அடுத்த முறை புட்டிகள் திரும்பி வந்தபோது ஒன்றில் ஆலிவ் எண்ணெய் இருந்தது, ஒன்றில் தேன், ஒன்றோடு ஆட்டுப் பாலாடைக்கட்டி ஒரு வில்லை, ஒன்றோடு முட்டைகள். அந்தியோகோவுக்குத் தலைகால் புரியவில்லை. குணமாகாமலா இப்படி அள்ளித் தருவார்கள் என்றான். அடுத்த முறை இரண்டு பெட்டி தூக்கி வந்தான். மரியாதைக்குத் திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு முட்டையும் அவனுக்கு ஒரு சாட்சியாகிப் போனது.

ரைமொந்தோ ஒருநாள் அவன் இல்லாத நேரத்தில் விதாலியாவின் பக்கம் சாய்ந்தார்.

"உன் வீட்டுக்காரன் நல்ல மனுசன். அவன் பாலை எங்க வீட்டு வாசல்ல இருக்கிற செடிக்குத்தான் ஊத்துறேன். செடி நல்லா வந்திருக்கு."

"அவர்கிட்டச் சொல்லிடாதீங்கண்ணே."

"சொல்வேனா. நீ எப்படித்தான் குடிக்கிறியோ."

அவர் விவரமானவர். மாத்திரையையும் விடவில்லை, புட்டியையும் மறுக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று விதாலியா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். டாக்டர் மெலிஸ்கூட அறைக்கு அறை, பால் குடிக்கிறவங்க குடிங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். சொல்லிவிட்டு விதாலியாவை ஒரு பார்வை பார்ப்பார். நோயாளியின் ரகசியத்தை அவரால் உடைக்க முடியாது. அந்தப் பார்வையைச் சந்திக்க முடியாமல் விதாலியா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வாள்.

அவளுக்கு அடுத்த நாற்காலி பொனாரியாவுடையது. இருபத்திரண்டு வயது. ஏழெட்டு வயதில் ஊசியைக் கண்டு அலறிக்கொண்டிருந்தவளின் கையை விதாலியாதான் பிடித்துக்கொள்வாள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, ஊசி ஏறும்போது பொனாரியாவின் கை தானாக நீண்டு வரும். செப்டம்பரில் அவளுக்குக் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் கல்யாண கவுன் படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. நானும் மாத்திரையை விட்டுட்டேன்."

விதாலியா போனிலிருந்து கண்ணை எடுத்தாள். "எப்பலேர்ந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே. வாந்தி இல்லாம சாப்பிடுறேன்கா. மனுசியா இருக்கேன். டாக்டர்கிட்ட போடுறேன்னுதான் சொல்லிருக்கேன்."

"நம்பர் என்ன சொல்லுது?"

"ஏறித்தான் இருக்கு. திட்டினாங்க. இதயத்தை ஸ்கேன் பாக்கணும்னு அடுத்த மாசம் வரச் சொல்லிருக்காங்க. உனக்கும் மொதல்ல ஏறித்தானே அப்புறம் இறங்குச்சு?"

"எனக்கு வேற, உனக்கு வேற பொனாரியா. ஒழுங்கா மாத்திரையைப் போடு."

"ஏன், உனக்கு மட்டும் ஸ்பெஷல் உடம்பா?"

இரண்டு நாற்காலி தள்ளி அந்தியோகோ யாருக்கோ விதையை எந்தப் பக்குவத்தில் வறுக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். நான் போடுகிறேன், தினமும் போடுகிறேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மெதுவாகச் சொன்னால்கூடப் போதும். ஆனால் இவளிடம் சொன்னால் இவள் அம்மாவிடம் போகும், அம்மாவிடமிருந்து அவனுக்கு வரும். முதலில் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வேறு யாரிடமும் சொல்ல வேண்டும், அதுதான் முறை, இன்று ராத்திரியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். கோழைகளுக்கும் முறை தெரியும். எப்போதும் தங்களுக்கு வசதியான முறையாகப் பார்த்துத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

அன்று ராத்திரி சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் அந்தியோகோ தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் அவன் பேச வேண்டுமாம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தலசீமியாக் குடும்பத்தார் வருகிறார்களாம். கோட்டு இடுப்பில் தொளதொளத்தது. "ஆடு மேய்ச்சவன் மேடையேறி என்னத்தப் பேசப் போறான்னு சிரிப்பாங்களோ?" என்று கேட்டான். கேட்கும்போதே அவன் முகம் பிள்ளை முகம் போல இருந்தது. ஞாயிறு முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. அந்தியோகோ திக்கித் திணறித்தான் ஆரம்பித்தான், ஆனால் முள்செடிக்கு வந்ததும் குரல் சரளமாகிவிட்டது. "என் பொண்டாட்டி ஒரு வருஷமா மாத்திரையைக் கையால தொடலை. அதோ உக்காந்திருக்கா, நீங்களே பாருங்க" என்றான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வரிசையில், கட்டிக்கொள்ளப் போகிறவனோடு உட்கார்ந்திருந்த பொனாரியாவும் திரும்பிப் பார்த்தாள். விதாலியா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாள். அத்தனை நாளும் அவள் பொய் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கழுத்தை ஆட்டிப் பொய் சொன்னாள். கைதட்டல் அடங்க வெகு நேரமானது.

அதன் பிறகு பொனாரியாவுக்கு இரண்டு மூன்று முறை போன் போட்டாள். மாத்திரை போடுறியா என்று கேட்டாள். "போடுறேன்கா, போடுறேன்" என்றாள் பொனாரியா, டாக்டரிடம் சொல்கிற அதே குரலில். அந்தக் குரல் விதாலியாவுக்கு நன்றாகத் தெரியும், சிறுவயதில் அவளே அந்தக் குரலில் எத்தனையோ முறை பேசியிருக்கிறாள். தெரிந்தும் நம்பியதுபோல் போனை வைத்தாள்.

அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போனபோது பொனாரியாவின் நாற்காலி காலியாக இருந்தது.

 ரைமொந்தோ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை விதாலியா அதற்கு முன் பார்த்ததில்லை. அசுந்தாதான் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"முந்தாநாள் மயங்கி விழுந்துருச்சாம் புள்ள. இதயம் தாறுமாறா அடிக்குது. மேல இதய வார்டுல வச்சிருக்காங்க. ராப்பகலா மருந்து ஏறிட்டு இருக்கு."

"இரும்பா?" என்று ரைமொந்தோ கேட்டார்.

"வேற என்ன."

 அந்தியோகோ பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பிறகு குனிந்து மறுபடியும் பெட்டியைத் தூக்கினான்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் விதாலியா.

"மேலதான். அவளுக்கு இப்பத்தான் இது ரொம்ப வேணும். மறுபடியும் அந்த விஷத்தையே ஏத்துறாங்க பாரு. ரெண்டு புட்டி அவ அம்மாகிட்டக் குடுத்துட்டு வந்துடறேன்."

அவன் விறுவிறுவென்று நடந்துவிட்டான். விதாலியா தாழ்வாரத்தில் ஓடி, லிஃப்டுக்கு முன்னால் அவன் கையைப் பிடித்தாள்.

"அந்தியோகோ, நில்லு. அதைக் கொண்டு போகாத."

"ஏன்?"

"அது ஒன்னும் செய்யல. எனக்கும் செய்யல. நான் மாத்திரை போடுறேன்."

அவன் புரியாமல் பார்த்தான். "டாக்டர் இப்படிச் சொல்லச் சொன்னாங்களா? பயமுறுத்தினாங்களா உன்ன?"

அவள் கைப்பையைத் திறந்தாள். அன்று பள்ளிக்கூடம் போகாததால் மத்தியான மாத்திரை பைக்குள்ளேயே இருந்தது. அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தாள். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்து உருண்டது, குனிந்து தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் இல்லை. அவன் பெட்டியிலிருந்தே ஒரு புட்டியை எடுத்துத் திறந்து, மாத்திரைகளை வாயில் போட்டு, அவன் காய்ச்சிய பாலை ஊற்றி விழுங்கினாள். தினமும் செய்கிறவளின் கை அது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"எப்பலேர்ந்து?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்து. மொதத் தடவை நம்பர் இறங்கினதுக்கு முன்னாடியே."

"அன்னைக்கு நான் அழுதேன். அசுந்தா முன்னாடி, எல்லார் முன்னாடியும் அழுதேன். நீ என் முதுகைத் தடவிக் குடுத்த."

"ஆமா."

"மேடையில ஏறிப் பேசினேன். நீ தலையை ஆட்டின."

"ஆமா."

"அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருந்தேன். அப்படியே விட்டிருக்கலாம்ல."

"என்னால விட முடியல" என்றாள்.  "நீ எழுந்து பல்லு விளக்கினதே எனக்குப் போதும்னு இருந்துச்சு. உனக்காகத்தான்னு நெனச்சேன். எனக்காகத்தான் பண்ணிருக்கேன் போல. நீ திரும்பவும் அந்த நாற்காலியில போய் உக்காந்துட்டா நான் செத்துருவேன்னு பயம்."

லிஃப்டு வந்து திறந்து, ஆளில்லாமல் மூடிக்கொண்டது. அந்தியோகோ பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளினான். பின்னர் படிக்கட்டுப் பக்கம் நடந்தான். அவள் கூடவே போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

இதய வார்டு வாசலில் பொனாரியாவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அந்தியோகோவைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாள் தவறாம குடிச்சாண்ணே, நான்தான் ஊத்திக் குடுப்பேன், ரூமுக்கு எடுத்துட்டுப் போய்க் குடிப்பா. பின்ன ஏன் இப்படி?" என்று அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்தபடி நின்றான். விதாலியா உள்ளே போனாள்.

பொனாரியா தலையணையில் சாய்ந்து கிடந்தாள். உதடு சாம்பல் பூத்திருந்தது. மாரில் ஒட்டிய வயர்கள் தலைமாட்டுத் திரைக்குப் போயின, திரையில் கோடு ஒழுங்கில்லாமல் குதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் விதாலியாவைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அவள் கை தானாக நீண்டது. விதாலியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள். அந்தியோகோ கதவருகே வந்து நின்றான்.

"மூச்சு விட முடியலக்கா."

"பேசாத. நான் சொல்றேன், கேளு." போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "நான் மாத்திரையை விடவே இல்ல பொனாரியா. தினமும் போடுறேன், ஒளிச்சு வச்சுப் போடுறேன். மண்டபத்துல தலையாட்டினது பொய். மாமாவோட பாலால எனக்கு எதுவும் இறங்கல. மாமாவுக்கே இன்னைக்குத்தான் தெரியும். அவர் பால் குடிச்சு நீ இப்படி ஆனதுக்கு..."

"நான் அதைக் குடிச்சதே இல்லக்கா."

விதாலியா நிமிர்ந்தாள்.

"மொத நாளே கொமட்டிடுச்சு. அம்மா குடுக்கிறதை எல்லாம் வாஷ்பேசின்லதான் ஊத்துவேன். மாமா, கோச்சுக்காதீங்க." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தித்தான் அடுத்ததைச் சொன்னாள். "நீயும் ஊத்திட்டுத்தான் இருப்பேன்னு நெனச்சேன். அந்தக் கசப்பை யாரு தினமும் குடிப்பா? பாலும் குடிக்காம, மாத்திரையும் போடாம அக்கா நல்லாத்தான இருக்கான்னு நெனச்சேன். அப்ப டாக்டருங்க சும்மா பயமுறுத்துறாங்க, விட்டாலும் உடம்பு பழகிக்கும் போலன்னு... உன்னப் பாத்துத்தான்கா விட்டேன்."

கதவருகே அந்தியோகோ அசையாமல் நின்றான். படியேறி வரும்போது பழி முழுக்கத் தன் தலையில்தான் என்று நினைத்து வந்திருந்தவன் அவன். இப்போது அவன் விதாலியாவைப் பார்த்தான். லிஃப்டுக்கு முன்னால் இருந்த கோபம் அந்தப் பார்வையில் இல்லை. அவளுக்கு அந்தக் கோபமே மேல் என்று தோன்றியது.

"உன் நம்பர் இறங்குச்சுல்ல" என்றாள் பொனாரியா. "இப்ப இந்த மருந்து ஏறுதே, எனக்கும் இறங்கிடும்ல? செப்டம்பருக்குள்ள?"

இறங்கிடும் கண்ணு, கவலைப்படாத. அந்த வார்த்தை தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றது. யார் மனதும் நோகக் கூடாது என்று அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வார்த்தை. சொன்னால் இந்தப் பெண் இப்போது தூங்கிவிடுவாள். விதாலியா திரையைப் பார்த்தாள், கோடு குதித்துக்கொண்டேயிருந்தது.

"தெரியல" என்றாள். "நிறையப் பேருக்கு இறங்கிருக்கு. உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியல பொனாரியா."

பொனாரியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விதாலியாவின் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.